நாலு இடத்தில் ஒரே கல்

குவைத்,
11-2-2000

அன்புத் தங்கை கல்பனாவுக்கு,

அண்ணன் கிரண்குமார் எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே இப்போது குளிர். நம் ஊர் மார்கழி இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. உனக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

உன் ஹாஸ்டலுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். வார்டன் அம்மா லைனில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை. போன் கார்டில் இருந்த பணம் அவ்வளவும் கரைந்து போயிற்று. இனி நமக்குக் கடிதம்தான்.

திருப்பதியில் நீ கம்ப்யூட்டர் ஆபீஸில் சேர்ந்துவிட்டாய் என்று வேதாச்சலம் மாமா எழுதியிருந்தார். நைனா சொல்லச் சொல்ல எழுதியது. என்ன வேலை என்று நைனாவுக்குச் சொல்லத் தெரியவில்லை போலிருக்கிறது. ‘டிவி மாதிரி ஒண்ணு கீதாம், அதுல படம் போடறாளாம்’ என்று மாமா அப்படியே எழுதி வைத்திருக்கிறார். நான் நாள் முழுக்க ஏசி காற்று போகிற டக்ட்டுக்குத் தகரம் வளைக்கிறவன். எனக்குப் புரிகிற மாதிரி நீயே எழுது.

ஊருக்குப் போனால் கொல்லியைப் பார்த்துச் சொல். அந்த நிலத்துக்குச் சர்க்கார் நைனாவுக்குப் பட்டா கொடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வானம் பார்த்து வேர்க்கடலை போட்டதைத் தவிர அதில் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. இப்போதுதான் போர் போட்டிருக்கிறோம். தண்ணீர் நின்று வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா? பெங்களூரா மாங்கன்று வைக்கச் சொல்லியிருந்தேன், வைத்தாரா? என் காண்ட்ராக்ட் முடிந்ததும் தகரத்துக்கு ஒரு கும்பிடு. பிறகு அந்தக் கொல்லியை விட்டு எங்கும் நகர மாட்டேன்.

அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி எழுத மறக்காதே.

உன் அண்ணன்,
கிரண்

திருப்பதி,
12-3-2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்பனா வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர எல்லாம் ஒத்துக்கொள்கிறது. குளிரில் காதைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடனே சளி பிடிக்கும்.

போன ஞாயிறு சின்னக்கண்டிகைக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு வலி முன்னைவிடப் பரவாயில்லை. போர் தண்ணீர் நின்று வருகிறது. நைனா மோட்டாருக்கு ஒரு கொட்டகை போட்டு, மேலே தகரம் வேய்ந்திருக்கிறார். மாங்கன்று எல்லாம் துளிர் விட்டிருக்கிறது. ஆடு கடிக்காமல் முள் கட்டி வைத்திருக்கிறார்.

என் வேலையைக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் வெப்சைட் செய்கிறோம். உலகத்தில் எந்த மூலையில் இருந்தும் போன் லைன் வழியாகத் திறந்து பார்க்கலாம். எங்களுடையதில் வெறும் எழுத்து மட்டும் இருக்காது. படம் அசையும், தொட்டால் சத்தம் வரும், கதவைத் தட்டினால் திறக்கும். அதற்கு நூற்றுக்கணக்கில் சாமான் வேண்டும்: போட்டோ, படம், பாட்டு, குரல். அந்தச் சாமான்களுக்கு நான் பொறுப்பு. கல்யாண வீட்டில் சரக்கு அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி இருப்பாளே, அந்த மாதிரி.

நான் சேர்ந்தபோது ஒரே குப்பை. ஒரே படத்துக்கு ‘கடைசி’, ‘புதுக் கடைசி’, ‘நிஜக் கடைசி’ என்று மூன்று பெயர். பக்கத்து சீட் பிரவீன் பழையதை எடுத்துப் போட்டு ஒரு லாட்ஜ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு முதலாளி நாகபூஷணம் சார் என்னையே விதி போடச் சொன்னார். போட்டேன். பெயரில் முதலில் ஊர், பிறகு காட்சி, பிறகு எண். இங்கிலீஷ் பெரிய எழுத்தே கூடாது. ஓர் எழுத்து மாறினாலும், இங்கே தெரிகிற படம் வெளியூர் சர்வரில் ஏறினதும் காணாமல் போகும். எந்தப் படமும் கனமாக இருக்கக் கூடாது, போன் லைன் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேல், வந்த மூலப் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நகல் எடுத்து நகலில்தான் வெட்டுவதும் ஒட்டுவதும். மூலம் சிடியில் எழுதி பீரோவுக்குப் போய்விடும். சார் அந்த பீரோ சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அந்த லாட்ஜ் வெப்சைட் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முடிந்தால் பாருங்கள். கதவு நான் வரைந்தது.

உங்கள் அன்புத் தங்கை,
கல்பனா

குவைத்,
14-4-2000

தங்கை கல்பனாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். நானும் அப்படியே.

எங்கள் கேம்ப்பில் சுதீர் என்று ஒரு பையன், புத்தூர்க்காரன், ஸ்டோர் கிளார்க். வெள்ளிக்கிழமை லீவில் என்னை இன்டர்நெட் கடைக்குக் கூட்டிப் போனான். உன் லாட்ஜைத் திறந்தோம். வரவே அத்தனை நேரம், ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம். கதவைத் தொட்டேன், திறந்தது. மணி அடித்தது. மூடிவிட்டு மறுபடியும் திறந்தேன். பின்னால் நின்ற நெல்லூர்க்காரர்களிடம் ‘இது என் தங்கச்சி செய்த கதவு’ என்று சொன்னேன். நம்பவில்லை. அடியில் உங்கள் ஆபீஸ் பெயர் இருந்தது, காட்டினேன்.

நம் காலனியில் இதற்கு முன்னால் யாரும் இப்படி ஒரு வேலைக்குப் போனதில்லை. நைனாவுக்கு விளக்கிச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
கிரண்

திருப்பதி,
25-6-2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது, வெயில்தான் வறுத்தெடுக்கிறது. அங்கே இதைவிட அதிகம் என்று தெரியும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வேலை வந்திருக்கிறது. ராத்திரி ஹாஸ்டல் கேட் மூடும் நேரத்துக்குத்தான் திரும்புகிறேன். இது முடிந்தால் எனக்குச் சம்பளம் கூட்டித் தருவதாக சார் சொல்லியிருக்கிறார்.

இந்த மாதம் ஊருக்குப் போகவில்லை. ஒன்று கேட்க வேண்டும். நம் பட்டா நிலத்தைத் தவிர வேறு எங்காவது நிலம் பார்க்கலாம் என்று நைனா உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

தங்கை,
கல்பனா

குவைத்,
4-8-2000

கல்பனாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. உனக்கும் அம்மாவுக்கும் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தில் வேலையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லை. போன தடவை பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். வேலை அதிகம் போலிருக்கிறது.

நிலத்தைப் பற்றி ஏன் கேட்டாய் என்று புரியவில்லை. நமக்கு எதற்கு வேறு நிலம்? இதையே இன்னும் முழுசாகத் திருத்தி முடிக்கவில்லை.

வேதாச்சலம் மாமா ஒரு சேதி எழுதியிருக்கிறார். வைகாசியில் யாரோ கேமராவோடு வந்து நம் கொல்லியில் முக்காலி நட்டு, ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தானாம். ரோடு போடப் போகிறார்கள் என்று ஒருத்தர் சொல்கிறார், சினிமா என்று ஒருத்தர் சொல்கிறார். நைனா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாமாவுக்கு மனசு சரியில்லை. சர்க்கார் கொடுத்த பட்டாவை நாம் விற்க முடியாது; ஆனால் சும்மா கிடக்கிற பூமி என்று எழுதிவிட்டால் சர்க்காரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். அந்தப் பக்கம் பதினோரு குடும்பத்துக்கும் அதே பட்டாதான்.

நீ திருப்பதியில் இருக்கிறாய். நாலு பேரைத் தெரியும். ஏதாவது காதில் விழுந்ததா? விசாரித்து எழுது.

அண்ணன்,
கிரண்

திருப்பதி,
10-9-2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். காய்ச்சல் விட்டது அறிந்து நிம்மதி. அம்மாவுக்கு முழங்காலுக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

கேமராக்காரன் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது எல்லா ஊரிலும் படம் எடுக்கிறார்கள். மாமா எதற்கும் கவலைப்படுகிறவர். விசாரிக்கிறேன்.

எனக்குச் சம்பளம் கூட்டிவிட்டார்கள். வீட்டுக் கூரை மாற்ற நைனாவிடம் கொடுத்துவிட்டேன்.

தங்கை,
கல்பனா

குவைத்,
10-11-2000

கல்பனாவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

இன்று வெள்ளிக்கிழமை. கடைக்குப் போய் வந்து நேராக உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஆபீஸ் புதிதாக என்ன செய்திருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. சுதீர் உங்கள் ஆபீஸ் பக்கத்தைத் திறந்தான். ‘எங்கள் வேலைகள்’ என்று ஒரு வரிசை இருந்தது. முதலில் இருந்ததைத் தொட்டேன்.

தொழிற்பேட்டை என்று போட்டிருந்தது. ஒரு பாட்டு வந்தது. பிறகு ஒரு வெட்டவெளி. மவுஸை அமுக்கி இழுத்தால் பூமி சுற்றுகிறது. இடது பக்கம் இழுத்தேன், மலை வந்தது. உச்சியில் யாரோ கடித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். அப்புறம் ஏரிக்கரை. அதன் மேல் இரண்டு பனைமரம், ஒன்று மொட்டை. எனக்குக் கை நின்றுவிட்டது. ‘சுதீரு, இது எங்க ஊருடா’ என்றேன். மெதுவாக இழுத்தேன். அதற்கு அடுத்ததாக நம் கொல்லி வர வேண்டும்.

வந்தது. புல்தான் இருந்தது. கொட்டகை இல்லை. போர் இல்லை. நீ துளிர் விட்டது என்று எழுதின கன்று ஒன்றுகூட இல்லை. மாமா வீட்டுக் களம் இல்லை, ஆடு இல்லை, ஆள் இல்லை. மூன்று சுற்று சுற்றினேன். இதே மாதிரி வேறு ஊராக இருக்கும் என்று சுதீர் சொன்னான். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அப்போது ஒரு கல் கண்ணில் பட்டது. வெள்ளைக் கல், ஒரு மூலை உடைந்தது. கொஞ்சம் தள்ளி அதே கல், அதே மூலை உடைந்து. நாலு இடத்தில் இருந்தது. நான் தகரம் வெட்டுகிறவன், கல்பனா. ஒரே அச்சில் வெட்டினது எனக்குத் தெரியும். ஒரே கல் நாலு இடத்தில் எப்படிக் கிடக்கும்?

கீழே ஒரு மேப். நம் கொல்லி மஞ்சள் கலரில் இருந்தது. ‘காலி நிலம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததை சுதீர் படித்துச் சொன்னான்.

இதை யார் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நம் ஊரா, இல்லையா? அதை மட்டும் எழுது.

கிரண்

திருப்பதி,
3-1-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் நவம்பரிலேயே வந்துவிட்டது. ‘கிடைத்ததா’ என்று கேட்டு நீங்கள் அனுப்பிய கார்டும் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நம் ஊர்தான். செய்தது நான்தான்.

ஜூன் மாதம் அந்தச் சென்னைக் கம்பெனியின் சிடி வந்தது. சரக்கு எதுவாக இருந்தாலும் என் கைக்குத்தானே முதலில் வரும். உள்ளே படங்கள் ஊர்வாரியாக இருந்தன. ஒரு ஊரின் பெயர் சின்னக்கண்டிகை. பெயர் ஒன்றாக இருக்கலாம் என்று திறந்தேன். பதினோராவது படத்தில் நைனா நிற்கிறார். கொட்டகைக்குப் பக்கத்தில், தோளில் துண்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கேமராவையே பார்க்கிறார்.

நாகபூஷணம் சார் கெட்டவர் இல்லை. ‘வெளியூர் முதலாளிங்க பார்க்கறாங்கம்மா. குடிசை, ஆள், ஆடு எதுவும் தெரியக் கூடாது. சுத்தமா வேணும்’ என்றார். எல்லா வேலைக்கும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அது எங்கள் நிலம் என்று நான் சொல்லவில்லை. நான் மாட்டேன் என்றால் பிரவீன் செய்வான் என்று நினைத்தேன். படம்தானே, நிலத்தை யார் தொட்டார்கள் என்றும் நினைத்தேன். சம்பளத்தையும் நினைத்தேன்.

முதலில் ஆடுகள். பிறகு மாமா வீட்டுக் களம். கன்றுகள் சின்னவை, சுலபமாகப் போயின. கொட்டகைதான் கஷ்டம். அதன் நிழல் வண்டிப்பாதையில் விழுந்திருந்தது, நிழலையும் எடுக்க வேண்டியிருந்தது. நைனாவைக் கடைசியில் எடுத்தேன். அவருக்குப் பின்னால் வானம்தான் இருந்தது. வானத்தை நிரப்புவது சுலபம். காலடியில் மட்டும் கொஞ்சம் புல் வேண்டும். பக்கத்துப் புல்லை எடுத்து எடுத்து ஒட்டினேன். அதோடு அந்தக் கல்லும் வந்திருக்கிறது. ஆபீஸில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

முடித்ததும் சார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ‘இங்க ஒரு மனுஷன் நின்னான்னா யாராவது நம்புவீங்களா?’ என்று கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அண்ணா. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் விசாரிக்கச் சொன்னபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்று எழுதினேன். கம்பெனி ஏரி முதல் மலையடி வரைக்கும் கேட்கிறது. சும்மா கிடக்கிற பூமி என்று மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவோடு எங்கள் படத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்கள். படம் மனுவோடு போனது மட்டும் தீபாவளிக்குப் பிறகுதான் தெரிந்தது.

என்ன திட்டுவதானாலும் எழுதுங்கள்.

கல்பனா

குவைத்,
26-1-2001

கல்பனாவுக்கு,

நான் நலம்.

கடிதம் வந்தது. என்னிடம் சொன்னது போதாது. நைனாவிடம் போய் நேரில் சொல். மாமாவை வைத்துச் சொல்லாதே, நீயே சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரைக்கும் எழுதாதே.

கிரண்

சின்னக்கண்டிகை,
22-4-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா நடமாடுகிறாள். நைனா நன்றாக இருக்கிறார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் மூன்று மாதம் ஓடிவிட்டது.

உங்கள் கடிதம் கிடைத்த வாரமே கிளம்பினேன். சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, எதிர் பஸ் ஏறித் திருப்பதிக்கே திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிறுதான் வந்தேன். நைனா மாங்கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

“எதுல அழிச்ச? ரப்பர்லயா?” என்று கேட்டார்.

கம்ப்யூட்டரில் அப்படி அழித்து ஒட்டுகிற கருவிக்குப் பெயரே ரப்பர் ஸ்டாம்ப்தான். ஆமாம் என்றேன்.

குனிந்து ஒரு பாத்தியின் மண்ணைக் கையால் சரி செய்தார். பிறகு, “அழிக்கறதுக்கு முந்தி நான் எங்க நின்னுகினு இருந்தன்?” என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன். அங்கே போய் நின்றார். “இங்கியா?” என்றார். இன்னும் ஓரடி இந்தப் பக்கம் என்றேன். நகர்ந்து நின்றார்.

“படம் புடிச்ச புள்ளைக்கு மோரு குட்தனே” என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய் அவரே எல்லாரையும் கூட்டினார்.

நான் திருப்பதிக்குத் திரும்பி, நாகபூஷணம் சாரிடம் மூலப் படங்கள் வேண்டும் என்று கேட்டேன். பீரோ சாவி என்னிடம்தான் இருக்கிறது, கேட்காமலே எடுத்திருக்கலாம். ‘பதினோராவது படத்தில் நிற்கிறவர் எங்கள் நைனா, சார்’ என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். எடுத்துக்கொள், ஆபீஸ் பெயர் வெளியே வரக் கூடாது என்றார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை பதினோரு வீட்டாரும் பட்டா விவகாரம் பார்க்கிற மண்டல ஆபீஸுக்குப் போனோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அழித்ததும் அழிக்காததும். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். பிறகு தெலுங்கில் கேட்டார்: இருப்பதை எடுக்க முடியும் என்றால் இல்லாததை வைக்கவும் முடியும்தானே, எது நிஜம் என்று நான் எப்படி நம்புவது? அண்ணா, நான் இரண்டையும் செய்யத் தெரிந்தவள். கையில் இருந்த படத்தை மடித்துக்கொண்டு நின்றேன்.

நைனாதான் முன்னால் போனார். தமிழிலேயே சொன்னார்.

“படம் எதுக்கு சார்? கொல்லி அங்கியேதான் கீது. வந்து பாருங்க.”

இரண்டு வாரம் போயும் யாரும் வரவில்லை. நைனாவும் மாமாவும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் அதே வார்த்தையைச் சொன்னார்கள். மாசிக் கடைசியில் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி நடந்தார். கன்றைத் தொட்டுப் பார்த்தார். மோட்டாரைப் போடச் சொன்னார், தண்ணீர் வந்தது. என்னென்ன பயிர், யார் யார் சாகுபடி என்று கூட வந்தவரை எழுதச் சொன்னார். இனி இது சும்மா கிடக்கிற பூமி என்று யாரும் சொல்ல முடியாது என்கிறார் மாமா. எடுக்கவே மாட்டார்கள் என்று சொல்வதற்கும் இல்லை.

நைனா இப்போது பேசுகிறார். நேற்று, ‘துன்னியா?’ என்று கேட்டார்.

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தங்கை,
கல்பனா

குவைத்,
8-6-2001

தங்கை கல்பனாவுக்கு,

உடம்பு பரவாயில்லை. தகரம் கிழித்து இடது கையில் நாலு தையல். எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

உன் கடிதத்தில் ‘நான் எங்க நின்னுகினு இருந்தன்’ என்று நைனா கேட்டதைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. ஆனால் அதற்காகத்தான் காத்திருப்பாய். முன்னே இருந்த அளவு இல்லை. முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

காண்ட்ராக்ட்டை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டேன். நிலம் ஒரு நிலைக்கு வரட்டும். அந்த வெப்சைட் இன்னும் இருக்கிறது. போன வெள்ளிகூட சுற்றிப் பார்த்தேன். அந்தக் கம்பெனியின் சென்னை ஆபீஸ் பூட்டிக் கிடப்பதாக சுதீருக்கு யாரோ சொன்னார்களாம். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக விழுகின்றன, இங்கே முதல் போட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள் என்கிறான். நிஜமா என்று தெரியாது.

நீ அதே ஆபீஸில்தான் இருக்கிறாயா? விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கூரை உன் சம்பளத்தில் போட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளைக்கு வேறு ஒரு ஊர்ப் படம் வந்தால் என்ன செய்வாய்? யோசித்து எழுது. உடனே எழுத வேண்டாம்.

அண்ணன்,
கிரண்

திருப்பதி,
19-8-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். கைத் தையல் பிரித்தாகிவிட்டதா? தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் சுகம். கம்பெனி நட்ட போர்டு ஏரிக்கரையில் அப்படியே நிற்கிறது. ஆட்கள் யாரும் வரவில்லை. நைனா வேர்க்கடலை போட்டிருக்கிறார்.

யோசித்து எழுதச் சொன்னீர்கள். யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த மாதமே வேறு ஒரு கம்பெனிக்காக ஒரு சிடி வந்துவிட்டது. நகரிக்குப் பக்கத்தில் ஓடைமேடு என்று ஒரு ஊர். வைக்கோல் போர், ஒரு கிணறு, நாலைந்து வீடு. வைக்கோல் போருக்கு முன்னால் ஒரு அம்மா அரிவாளோடு நிற்கிறாள். அறுப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்த மாதிரி. யார் என்று எனக்குத் தெரியாது.

நாகபூஷணம் சாரிடம் போய், படங்களுக்குப் பெயர் போட்டுத் தருகிறேன், மூலத்தைப் பத்திரமாக வைக்கிறேன், ஆள் அழிக்கிற வேலை இனி என்னால் முடியாது என்றேன். அவர் வாதாடவில்லை. பிரவீனிடம் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பிரவீன் முடித்துவிட்டான். நல்ல வேலை. ஒரு கல்லோ புல்லோ இரண்டு தடவை வரவில்லை. அந்த அம்மா நின்ற இடத்தில் வைக்கோல்கூட இல்லை.

நான் மாட்டேன் என்றதால் அவளுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அன்று ஹாஸ்டலில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் படம் வந்த அன்றே நான் ஒரு பஸ் ஏறியிருந்தால், நைனா எட்டு மாதம் முன்னாலேயே அந்த ஆபீஸ் படியில் நின்றிருப்பார்.

போன ஞாயிறு நகரிக்குப் போனேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு நடை. இதனால் என் வேலை போகலாம். திங்கட்கிழமை வழக்கம் போல ஆபீஸுக்குப் போனேன், இன்னும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மறைக்க மாட்டேன்.

ஊர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் மாதிரி இருந்தது. கிணறு, வீடு எல்லாம் படத்தில் பார்த்ததுதானே. வைக்கோல் போர் பாதி கரைந்திருந்தது. அந்த அம்மா மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் தெரிந்ததைவிட வயது அதிகம். என் செருப்பையும் பையையும் பார்த்துவிட்டு, நான் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்தாள் போல. ரேஷன் கார்டு எடுத்து வரட்டுமா என்று கேட்டாள்.

“அதெல்லாம் வேணாம்மா. இங்க வந்து போட்டோ எடுத்துகினு போனாங்களே, அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியாதே. நீ யாரு?”

பெயரைச் சொன்னேன். சத்தியவேட்டுப் பக்கம் சின்னக்கண்டிகை கங்கையா மகள் என்று சொன்னேன். எங்கள் நிலத்தையும் இப்படித்தான் எடுத்தார்கள், அந்த வேலை நடக்கிற இடத்தில்தான் நான் இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் கழுநீர்ச் சட்டியை ஓரமாக வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்துத் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். பிறகு வைக்கோலைக் கொஞ்சம் இழுத்துக் கீழே பரப்பினாள்.

“குந்து,” என்றாள். “சொல்லு.”

இப்படிக்கு உங்கள் தங்கை,
கல்பனா